பத்து மாதப் பயிர்

மரவள்ளி பத்து மாதப் பயிர் என்பதை நம் தங்கை சொல்லித்தான் அறிந்தோம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் அவளுக்கும் அவள் கணவருக்கும் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. தை பிறந்ததும் கரணை ஊன்றுவார்கள். கார்த்திகையில் கிழங்கு பிடுங்குவார்கள். இடையில் களை, மழைக்குறைவு, காட்டுப்பன்றி, 2020க்குப் பின் புதிதாக வந்து சேர்ந்த மாவுப்பூச்சி. பிடுங்கிய கிழங்கை இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது; உள்ளே கறுத்துக் கெட்டுவிடும். ஆதலால் சேகோ ஆலையில் நாள் கேட்டு, லாரிக்குச் சொல்லி, ஆள் பிடித்து, அதன் பிறகே நிலத்தில் இறங்க வேண்டும். நாள் பார்த்துச் செய்கிற வேலை அது.

இதே தங்கைதான் ஒவ்வோர் இரவும் படுக்குமுன் முழந்தாளிட்டு, ஆண்டவர் விரைந்து வரவேண்டும் என்று மன்றாடுகிறவள். வாய்ப்பழக்கமாகச் சொல்வதில்லை. கிறிஸ்துவின் இரண்டாம் வருகை அவளைப் பொறுத்தவரை இன்றிரவே நிகழக்கூடியது. சென்ற தை மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டோம். பகல் முழுவதும் குனிந்து கரணை ஊன்றினாள். இரவில் வாரும் என்று அழைத்தாள். இன்றிரவே வரக்கூடியவருக்காகக் காத்திருப்பவள் கார்த்திகையில் விளையும் பயிரை ஏன் நடுகிறாள்? கேலிக்காகக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியோடு நமக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

1999ஆம் ஆண்டு. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019இல்தான். நாம் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தோம். தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். தந்தையார் மலைமேல் அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். திங்கட்கிழமை விடியலில் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினால் வெள்ளி இரவுதான் வீடு திரும்புவார். நம் குடும்பம் லுத்தரன் மரபினது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் வேலை செய்த டேனிஷ் மிஷனின் வழியில் வந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. அந்த மரபில் வருகை என்பது நாள்காட்டிக்குள் அடங்கிய செய்தி. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் வருகைக்கு உரியவை. போதகர் அதுபற்றிப் பிரசங்கிப்பார். ஐந்தாவது வாரம் கேக் வெட்டிவிடுவோம். யாரும் பதறியதில்லை.

அந்தக் கோடையில் ஊரில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் பேசினார். தேதி சொல்லமாட்டேன் என்றுதான் தொடங்கினார். தேதி சொல்கிறவன் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் எச்சரித்தார். பிறகு மூன்று இரவும் தேதியைத் தவிர வேறொன்றையும் பேசவில்லை. இரண்டாயிரம் பிறக்கும் நொடியில் உலகத்துக் கணினிகள் யாவும் நின்றுபோகும் என்று அப்போது நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்தன அல்லவா? அதை எடுத்துக்கொண்டார். கடைச் சரக்கின் பார்கோடில் 666 ஒளிந்திருக்கிறது என்றார். ஆறு நாள் படைப்பு, ஏழாம் நாள் ஓய்வு. ஆயிரம் ஆண்டு ஒரு நாள் எனில் ஆறாயிரம் ஆண்டு முடிகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். நம் தந்தையார் பள்ளியில் கணக்கு நடத்தியவர். அக்கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

அப்பா வேலையை விடவில்லை. சம்பளத்தில் பி.எஃப். பிடித்தமும் நிற்கவில்லை. வீட்டுமனைக்குக் கட்டிவந்த தவணையை மட்டும் நிறுத்தினார். அடுத்து, தங்கையை ஆசிரியர் பயிற்சியில் சேர்ப்பது பற்றி அம்மா பேச்செடுத்தபோது, “ரெண்டு வருஷப் படிப்பு. ரெண்டு வருஷம் எங்கம்மா இருக்கு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கனிவாகவே சொன்னார். தங்கை தலையசைத்தாள். அதே மாதத்தில் நம் கல்லூரிக் கட்டணம் வழக்கம்போல் கட்டப்பட்டது. நம் படிப்பும் இன்னும் முடியாத படிப்புதான். உலகம் முடியவிருந்தது தங்கைக்கு மட்டும் போலும்.

நாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் பக்தி அன்று. கேட்டால் அந்தக் கணக்கு நம் கட்டணத்தின் மேலும் பாயும் என்ற அச்சமே. இதை எழுத இத்தனை ஆண்டு ஆயிற்று.

டிசம்பர் 31 இரவு ஆலயத்தில் இருந்தோம். பன்னிரண்டு அடித்தது. விளக்கு அணையவில்லை. போதகர் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். சனிக்கிழமை விடிந்தது. அப்பா முகம் மழித்துக்கொண்டு, கடைக்குப் போய்ச் செய்தித்தாள் வாங்கிவந்து, திண்ணையில் அமர்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். திங்கட்கிழமை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினார். அதன்பின் அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் பேசி நாம் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் வரன் வந்துவிட்டது.

பிற்பாடு கல்லூரியில் வேலை கிடைத்து, நூல்கள் கைக்கு எட்டியபோது, இப்படிக் கணக்கிட்டவர்களைப் பற்றித் தேடிப் படித்தோம். அப்பாவுக்குத் துணை தேடினோம் என்றும் கொள்ளலாம். துணைக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர் தானியேல் ஆகமத்து எண்களைக் கூட்டிப் பெருக்கி ஓர் ஆண்டைக் கண்டார். அவர் வழியினர் அதை 1844 அக்டோபர் 22 என்று நாளாகவே குறித்துவிட்டனர். நியூ ஹாம்ப்ஷயரில் லியோனர்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர், தம் நம்பிக்கைக்குச் சான்றாக, விளைந்து கிடந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டுவிட்டார். ஆண்டவர் வரவில்லை. ஆனால் அவ்வாண்டு முன்கூட்டித் தோண்டியவர்களின் கிழங்கு அழுகிப்போக, தாமதமாகத் தோண்டிய ஹேஸ்டிங்ஸின் கிழங்கு நல்ல விலைக்குப் போயிற்றென அட்வெந்து சபையார் இன்றும் சொல்வதுண்டு. இந்தக் கதையைத் தங்கையிடம் சொன்னோம். அவள் ஆச்சரியப்பட்ட இடமே வேறு. “மரவள்ளின்னா விலை வர்ற வரைக்கும் ஒண்ணு ரெண்டு மாசம் மண்ணுலயே விட்டு வைக்கலாம்ணா. உருளைக்கிழங்கை எப்படி விட்டாரு?”

ஏமாந்த அந்தக் கூட்டத்தின் எச்சத்திலிருந்து 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபை அமைந்தது. பெயரிலேயே வருகையைச் சுமப்பவர்கள். அவர்களுடைய ஜே. எஸ். ஜேம்ஸ் 1908இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்துக்கு வந்து தமிழரிடையே பணி தொடங்கினார். விரைவில் அங்கே ஒரு பள்ளி எழுந்தது. நாளை முடியப்போகிற உலகத்தில் பிள்ளைக்கு இன்று எழுத்துக் கற்பிப்பானேன் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இதை முதன்முதல் படித்த இரவு நமக்குச் சிறிது சினம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தேவையில்லை.

நமக்கு இன்னும் அருகில் 1881 இருக்கிறது. திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்றொருவர். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்; இயற்பெயர் ராமய்யன். 1861இல் குடும்பத்தாரோடு திருமுழுக்குப் பெற்றுச் சி.எம்.எஸ். சபையில் குருவானார். மக்கள் அவரை வித்வான்குட்டி என்று அழைத்தனர். அவ்வளவு புலமை, அவ்வளவு இசைஞானம். 1860இல் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் அருளப்பனாரின் கிறிஸ்தியான்பேட்டையில் எழுந்த எழுப்புதலின் அலை 1870களில் திருவிதாங்கூரை எட்டியபோது அதில் முழுகியவர்களுள் அவரும் ஒருவர். 1875 அளவில், இன்னும் சில ஆண்டே, 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். ஐந்தரை ஆண்டுக் கெடு என்பதால் ஊரார் அவரைச் சார்ந்தவர்களை ‘அஞ்சரை வேதக்காரர்’ என்று பகடி செய்தனர். 1881 வந்தது, போயிற்று. கூட்டம் கலையவில்லை, யுயோமயம் என்ற பெயரில் தனிச்சபையாயிற்று. அவர் 1887இல் காலமானார். அவருடைய கெடுவை நம்பாத சபைகளும் அவருடைய பாட்டுகளை விடவில்லை. மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். காத்திருப்பின் வேதனையை அவ்வளவு இனிமையாகப் பாடத் தெரிந்தவருக்கு, அந்த வேதனையைப் பொறுக்கத் தெரியாமல் போயிற்று என்றே நாம் எண்ணுகிறோம். நாள் குறிப்பவன் நம்பிக்கை மிகுந்தவன் அல்லன். காத்திருக்க மாட்டாதவன்.

அருளப்பனாரைச் சொன்னோம். ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், 1810இல் பிறந்து 1867இல் மறைந்தவர். அவர் உடன் உழைத்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவர். ஆண்டவரின் வருகை அணித்து என்று நம்பியவர். பொருளைச் சேர்த்து வைப்பது அந்நம்பிக்கைக்கு முரண் என்று 1825இல் சிறு நூலொன்று எழுதினார். எழுதியபடியே தொழிலைத் துறந்து 1829இல் பாக்தாத்துக்குப் போனார். அங்கே 1831இல் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833இல் இந்தியா வந்து, பிற்பாடு சித்தூரில் தங்கி, ஊழியர்கள் தம் கையால் உழைத்து உண்ணவேண்டும் என்று பண்ணை வைத்தார். பட்டுப்பூச்சி வளர்ப்பில் இறங்கிக் கடன்பட்டு நட்டமடைந்தார். சேர்த்து வைப்பதை வெறுத்தவர் கடைசியில் கடனை எண்ணிக்கொண்டிருக்க நேர்ந்தது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. துறந்து போவதும் பயிரிட்டுத் தோற்பதும் ஒரே மனிதரிடம் நிகழ்ந்தன. இரண்டிலும் அவர் ஏமாற்றவில்லை. இரண்டின் செலவையும் தம் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். மகளின் கணக்கில் எழுதவில்லை.

இந்தச் சிக்கல் கிறிஸ்தவத்தோடு உடன்பிறந்தது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகம் ஏறத்தாழக் கி.பி. 50ஐ ஒட்டியது, புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று. அந்தத் துறைமுக நகரத்துச் சிறுசபையில் அப்போதே சிலர் வேலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பவுல் வருகையை மறுக்கவில்லை. அமைதியாய் இருங்கள், உங்கள் கையால் வேலை செய்யுங்கள் என்றார். இரண்டாம் திருமுகம் இன்னும் கடுமையாக, உழைக்க மனமில்லாதவனுக்குச் சோறில்லை என்கிற அளவுக்குப் போகிறது. சொன்னவர் கூடாரத் தொழிலாளி. (உலகம் நாளை அழியும் என்றாலும் இன்று ஆப்பிள் கன்று நடுவேன் என்று மார்ட்டின் லுத்தர் சொன்னதாக நம் பிரசங்கிமார் அடிக்கடி முழங்குவர். லுத்தர் எழுதியவற்றில் அது இல்லை. 1944க்கு முந்தைய சான்று எதுவும் கிடைக்கவில்லை. லுத்தரன் வீட்டுப் பிள்ளைகளாகிய நமக்கு இதனால் சற்று வருத்தமே.)

ஆனால் நமக்குத் தெளிவு தந்தது திருமுகம் அன்று. வகுப்பில் நடத்திய முல்லைத்திணை.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவன் வினைமேற் சென்றிருக்கிறான். கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறான். தலைவி இல்லத்தில் இருக்கிறாள். பாலையின் பிரிதல் போன்று, நெய்தலின் இரங்கல் போன்று, இதை ஒரு துயரமாக மட்டும் இலக்கணத்தார் காணவில்லை. இருத்தலை ஒரு செயலாகவே வைத்தனர். இதில் கூரிய இடம் ஒன்றுண்டு. கார் வந்துவிடுகிறது. கொன்றை பூத்துவிடுகிறது. தலைவன் வரவில்லை. அப்போது தோழி என்ன செய்கிறாள்? இது கார் இல்லை, காலமல்லாக் காலத்தில் பெய்த மழை, இதை நம்பிப் பூத்த கொன்றைக்கு அறிவில்லை என்கிறாள். இன்னொரு பாட்டில் தலைவியே பேசுகிறாள்: அவர் பொய் சொல்லமாட்டார், ஆகவே மரம் பூத்தாலும் இதைக் கார் என்று நம்பேன். குறுந்தொகையின் இவ்விரு பாடல்களையும் மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நாம் சட்டென்று நின்றுவிட்டோம். அடையாளம் நிறைவேறிவிட்டது, ஆள் வரவில்லை என்னும்போது அடையாளத்தைத் திருத்திக்கொள்ளும் இந்த மனம் மில்லருடைய அன்பர்களின் மனம். அஞ்சரை வேதக்காரரின் மனம். ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது. முல்லைத் தலைவி கொன்றையைத்தான் பொய்யாக்குகிறாள். வீட்டை மூடவில்லை.

முல்லைப்பாட்டில் இது இன்னும் விளங்கும். நப்பூதனார் பாடியது, 103 அடி, பத்துப்பாட்டில் மிகச் சிறியது. தலைவன் வருவானா என்று அறிய முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லைப்பூவும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். விரிச்சி என்பது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல். வானத்திலிருந்து வருவதன்று. அங்கே அவர்கள் கேட்டது யாருடைய சொல்? தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்குக் குளிரில் நடுங்கியபடி ஆறுதல் சொல்லும் ஓர் இடைச்சிறுமியின் சொல். உன் தாயர் இப்போது வந்துவிடுவர் என்கிறாள். அவள் குறி சொல்லவில்லை. தலைவனை அவள் அறியவே அறியாள். மாலை வேளையில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். காத்திருப்போருக்குரிய சொல் அந்த வேலையின் நடுவிலிருந்து கிடைக்கிறது. இருபதாண்டாக இப்பாட்டை நடத்தி வருகிறோம். ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் தங்கையின் முகம் வந்துபோகிறது. மாணவர்க்குச் சொல்வதில்லை.

தந்தையார் 2011இல் காலமானார். அவர் மலையைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார். கல்வராயன் மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் நெடுங்காலம் மலையாளிப் பழங்குடியினர் அங்கே கூலியில்லா வேலை செய்தனர். 1976இல்தான் ஜாகீர் ஒழிந்து அரசின் நேரடி ஆட்சி வந்தது. அப்பா வேலைக்குப் போன காலத்தில் அந்த நினைவு சூடு ஆறாமல் இருந்ததாம். சாலை வரும், பட்டா வரும், மருத்துவர் வருவார் என்று காத்திருந்த மக்கள் அவர்கள். மழைக்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்காரியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அரசு வரும்வரை சாமை விதைக்காமல் இருந்தார்களா என்ன? பஞ்சம் வந்தாலும் விதைச் சாமையில் கைவைக்கமாட்டார்கள் என்று அப்பா வியப்போடு சொல்வார். அதைச் சொன்னவரும், ரெண்டு வருஷம் எங்கே இருக்கு என்று கேட்டவரும் ஒருவரே என்பது நமக்கு இன்னும் செரிக்கவில்லை. மலைப்பிள்ளைகளுக்கு அவர் அந்த 1999இலும் ஒரு நாள் தவறாமல் பாடம் நடத்தினார். வாய்பாடு ஒப்புவிக்கச் செய்தார். உலகம் முடிகிற ஆண்டில் பதினாறாம் வாய்பாடு எதற்கு என்று அவருக்குத் தோன்றியதில்லை. தம் மகளின் படிப்பு என்று வந்தபோது மட்டும் அது தோன்றிற்று.

அவர் இறந்தபின் தகரப்பெட்டியைத் திறந்தோம். பணிப்பதிவேட்டின் நகல்கள், ஓய்வூதிய ஆணை, பழைய வேதாகமம். அடியில் ஒரு பழுப்பு உறை. தங்கையின் ஆசிரியர் பயிற்சி விண்ணப்பம் அதற்குள் இருந்தது. முழுவதும் நிரப்பியிருந்தார். அந்த அழகான கையெழுத்து. புகைப்படம் ஒட்டிச் சான்றொப்பமும் வாங்கியிருந்தார். தந்தை கையெழுத்திடும் இடத்தில் கையெழுத்தும் இருந்தது. உறைமேல் முகவரி எழுதி அஞ்சல்தலை கூட ஒட்டியிருந்தார். அனுப்பவில்லை. எந்த நாளில் நிரப்பினார், எந்த நாளில் அனுப்பாமல் விட்டார் என்று தெரியவில்லை. அதைத் தங்கையிடம் காட்டுவதா என்று இரண்டு நாள் யோசித்தோம். காட்டினோம். வாங்கிப் பார்த்தாள். “போட்டோவுல எவ்வளவு ஒல்லியா இருக்கேன் பாருங்கண்ணா” என்றாள். உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று நாம் கேட்டதில்லை.

2024 ஜூனில் நம் ஊர்ப் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோமுகி ஆற்றங்கரையில் மழைத்தூறலில் சிதைகள் வரிசையாக எரிந்தன. போலீசார் சாராய வேட்டைக்கு மலைமேல் ஏறினர். அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை எங்கே, மருத்துவம் எங்கே என்று அரசைக் கேட்டது. அப்பாவின் காலத்துப் பட்டியல், அச்சுப் பிசகாமல். அந்த நாட்களில் வாட்சாப்பில் குரற்செய்திகள் பறந்தன. இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார் ஒருவர். யோசுவா முதல் வெளிப்படுத்தல் வரை வசனம் அடுக்கினார். குரல் வேறு, அதட்டல் 1999இல் கேட்டதே.

தங்கை அன்று மாலைப் பேருந்தில் நம் வீட்டுக்கு வந்து இறங்கினாள். இறந்தவர்களுள் ஒருவரின் மனைவி அவளோடு தையல் கற்றவராம். நான்கு நாள் நம் வீட்டில் தங்கி, காலையில் அந்த வீட்டுக்குப் போவாள், இரவு வருவாள். சமைத்தாள், சான்றிதழ் தேட உதவினாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள். மூன்றாம் இரவு, அந்தக் குரற்செய்தியை அவளுக்குப் போட்டுக் காட்டினோம். பாதி கேட்டுவிட்டு, “இருக்கும்ணா, அடையாளமாத்தான் இருக்கும். அந்தச் சின்னதுக்கு நாளைக்கு யூனிபாரம் வேணும், அளவு எடுத்துட்டு வந்திருக்கேன். துணிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?” என்றாள். மறுக்கவில்லை என்பதைக் கவனித்தோம். அவளுக்கு அது உண்மையிலேயே அடையாளம். துணிக்கடை திறக்கும் நேரமும் உண்மை.

சென்ற கார்த்திகையில் கிழங்கு பிடுங்கும்போது விடுப்பெடுத்துப் போயிருந்தோம். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டோமே தவிர, மூட்டை தூக்கும் வலு நமக்கு இல்லை. களத்துமேட்டில் அமர்ந்து எண்ணிக்கை எழுதினோம். ஆலைக்காரர்கள் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்துதான் விலை போடுவார்கள். மழை தள்ளிப் பெய்ததால் பாயிண்ட் குறையும் என்று மைத்துனர் கவலைப்பட்டார். நான்கு மணிக்கு வரவேண்டிய லாரி ஆறு மணிக்கும் வரவில்லை. கூலியாட்கள் போய்விட்டார்கள். இருட்டிற்று. மலையின் கோடு மட்டும் தெரிந்தது. மூட்டைகளின் மேல் நாமும் தங்கையும் உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சமயத்தில் கேட்டோம். இத்தனை ஆண்டு கேட்காததை, முகம் தெரியாத இருட்டு கேட்கச் செய்தது. “பாப்பா, அந்த வருஷம் அப்பா உன்னைப் படிக்க வைக்கலையே. நானும் ஒண்ணும் பேசல. உனக்கு எங்க மேல வருத்தம் இல்லையா?”

நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இருந்துச்சுண்ணா” என்றாள். “ரொம்ப வருஷம் இருந்துச்சு. நீங்க எம்.ஏ. முடிச்சு வந்தப்பதான் ரொம்ப.”

நாம் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. லாரிக்காரர். சின்னசேலத்தில் டயர் வெடித்துவிட்டதாம். வர ஒன்பது மணி ஆகுமாம். “வந்துருவீங்கள்ல? பிடுங்கிப் போட்டாச்சு, நாளைக்குத் தாங்காது” என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாகவும் அதுவரை மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லி, டார்ச்சை நம்மிடம் கொடுத்துவிட்டு வரப்பில் இறங்கி நடந்தாள்.